எனக்கு யாரும் சொல்லல

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா உட்கார மாட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவை ஒட்டி நிற்பாள். "உக்காருங்க, காபி போடறேன்" என்று யாராவது சொன்னால், "இருக்கட்டும்மா. வந்த விஷயத்த மொதல்ல சொல்லிட்றேன். அதுக்கு அப்பறமும் காபி குடுக்கலாம்னு தோணுச்சுனா குடு" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்குத் தெரிந்து அப்படிப் போன வீடுகளில் இரண்டே இரண்டில்தான் அவளுக்குக் காபி கிடைத்தது.

அவள் என் பெரியம்மா மகள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கும் வேலை. திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாள் என்பதால் காலை எட்டு மணிக்கே கூட்டம் நிற்கும். பட்டா மாறவில்லை, ஓய்வூதியம் நின்றுபோய்விட்டது, பக்கத்து வீட்டுக்காரன் வழியை அடைத்துவிட்டான் என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். அக்கா குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டுவிட்டு, ஒரே பக்கத்தில் அடித்துக் கொடுப்பாள். படிக்கத் தெரியாதவர்களுக்குத் திரும்ப வாசித்துக் காட்டி, "இதுதான் நீங்க சொன்னது, சரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடச் சொல்வாள். எங்கள் குடும்பத்தில் அவள் பெயரைச் சொல்லப் பிடிக்காமல் எல்லோரும் "அந்தக் கலெக்டர் ஆபீஸ்காரி" என்று ஆக்கிவிட்டார்கள். அதனால் நானும் இங்கே பெயரை எழுதவில்லை. அவளுக்கு அது பெரிய வருத்தமாக இருந்திருக்காது.

எங்கள் அம்மா வழியில் ஆண் குழந்தைகள் தங்காது. இது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். பிறக்கும்போது கொழுக்கு மொழுக்கென்று இருக்கும். ஆறு ஏழு மாதம் வரைக்கும் ஒரு குறையும் இருக்காது. அதற்குப் பிறகு காதில் சீழ், சளி, ஜுரம். ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று வரும். ஒரு வயதிலோ மூன்று வயதிலோ ஒரு நாள் மூச்சு வாங்கி, முடிந்துபோகும். எல்லா ஆண் குழந்தைக்கும் அப்படி ஆகாது, சிலது நன்றாக வளரும். அதனால்தான் யாருக்கும் காரணம் பிடிபடவில்லை. குலதெய்வக் குத்தம் என்றார்கள். வந்த மருமகன்களின் ஜாதகம் சரியில்லை என்றார்கள்.

அக்காவுக்கு இரண்டும் பையன்கள். இரண்டும் தங்கவில்லை.

முதல் முறை நான் அவளோடு ஒரு நாள் முழுக்க இருந்தது கீழ்பென்னாத்தூர் கல்யாண மண்டபத்தில். என் சித்தி மகளுக்குக் கல்யாணம். அக்காவுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. ஆனாலும் வந்துவிட்டாள். பாசிப்பச்சைப் புடவை, கையில் ஒரு ரெக்ஸின் பை. அவளை வாசலில் பார்த்ததும் சித்தியின் முகம் மாறியது. என் அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "நீ போயி அவ பக்கத்துலயே உக்காரு. மேடைக்கு மட்டும் போவ வுடாத. மாப்ள வூட்டாருங்க காதுல எதனா போட்டுட்டாள்னா அவ்ளோதான்" என்றாள்.

என் மூன்று வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு அக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் மேளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "உன்ன எனக்குக் காவல் போட்டிருக்காங்களா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் இல்லக்கா."

"இருந்தா பரவால்ல. காவலுக்குனாலும் பக்கத்துல ஒருத்தி உக்காந்திருக்க இல்ல." என் மகளின் பாதத்தைப் பிடித்து லேசாக அழுத்தினாள். "கல்யாண வீட்டுல எனக்குப் பக்கத்து நாற்காலி எப்பவும் காலியாதான் இருக்கும்."

மேடைக்கு அவள் போகவே இல்லை. கடைசிப் பந்தியில் என்னோடு சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என்னிடம் கொடுத்தாள். "இன்னிக்கு நல்ல நாளு. இன்னிக்கு வேணாம். அவ மாசமா ஆனதும் இத குடு. எங்க போயி டெஸ்ட் எடுக்கணும், புள்ள பொறந்ததும் இன்னா பாக்கணும், எல்லாம் டைப் அடிச்சு வெச்சிருக்கேன். நான் போனா தொரத்துவாங்க. நீ குடுத்தா வாங்குவா." வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு இது எப்படித் தெரிய வந்தது என்பதை அவளே ஒருமுறை சொன்னாள். மூத்தவன் ஒன்றரை வயதில் போனான். இரண்டாவது பையனுக்கு நாலு வயதில் ஓயாத நிமோனியா. திருவண்ணாமலையில் பார்க்காத டாக்டர் இல்லை. கடைசியில் சென்னைக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஒரு வயதான டாக்டர் பையனின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். மற்ற குழந்தைகளுக்குத் தொண்டையில் இரண்டு பக்கமும் சதை இருக்குமே, டான்சில், அது இவனுக்கு இல்லவே இல்லை. டார்ச்சை அணைத்துவிட்டு, "அம்மா, உங்க கூடப் பொறந்த ஆம்பளப் புள்ளைங்க யாராவது சின்ன வயசுல இறந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

"அத்தன வருஷத்துல எல்லாரும் எத்தன நாளா ஜுரம்னுதான் கேட்டாங்க. இத ஒருத்தர் கூடக் கேக்கல" என்றாள் அக்கா. "எனக்கு ஒரு தம்பி இருந்தான். அவன எப்பவோ மறந்துட்டிருந்தேன்."

அந்தப் பையன் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தான். மாதா மாதம் சென்னைக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஆனால் நுரையீரல் அதற்கு முன்பே கெட்டுப்போயிருந்தது. அவன் போன மூன்றாம் நாள், துக்கத்துக்கு வந்திருந்த ஒரு கிழவி, எங்கள் பாட்டிக்குத் தங்கை முறை, மூக்கைச் சிந்திக்கொண்டே, "நம்ம வூட்டுப் பொண்ணுங்களுக்கு இது எழுதி வெச்சதுமா. எனக்கும் ரெண்டு போச்சு" என்றாளாம்.

அக்கா அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறாள், "அப்ப உனக்கு முன்னயே தெரியுமா?"

"தெரிஞ்சு? வெளிய சொன்னா உன்ன எவன் கட்டுவான்?"

அன்றைக்குப் பிறகுதான் அக்கா வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். யார் என்ன திட்டினாலும் அவளுக்குச் சொல்ல ஒரே பதில்தான் இருந்தது. "தெரிஞ்சிருந்தும் எனக்கு யாரும் சொல்லல. நான் சொல்லிடுவேன்."

அவள் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஓசூரில் வேலை என்று போனார். முதலில் மாதம் ஒரு தடவை வந்தார், பிறகு தீபாவளிக்கு வந்தார், பிறகு அதுவும் நின்றது. அதைப் பற்றிக் கேட்டால், "அவருக்கு என்னப் பாத்தா பசங்க மொகம் தெரியுது. எனக்கும் அவரப் பாத்தா அப்படித்தான். எதுக்கு ரெண்டு பேரும் கஷ்டப்படணும்" என்று முடித்துவிடுவாள்.

அந்தக் கல்யாணம் நடந்த அடுத்த வருஷம் அடி அண்ணாமலையில் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் அப்போது இரண்டாவதுக்கு நாலு மாதம். மாமியார் கூடத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அக்கா வழக்கம்போலக் கதவோரம் நின்றுகொண்டு, எங்கள் குடும்ப வழியை வரைந்திருந்த ஒரு பெரிய ஏ த்ரீ தாளைப் பிரித்து என்னிடம் காட்டினாள். அதில் பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குக் கட்டம். இறந்துபோன கட்டங்களில் பென்சிலால் கறுப்பு அடித்திருந்தாள். பாட்டியில் தொடங்கி நான்கு வரிசை இறங்கி வந்தது. என் வட்டம் வெறுமையாக இருந்தது. அதற்குள் ஒரு கேள்விக்குறி.

"உனக்கு இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். ரத்தம் குடுத்தா தெரிஞ்சுடும்" என்றாள்.

மாமியார் கடலையை முறத்தில் போட்டுவிட்டு எழுந்தார். "புள்ளத்தாச்சிப் பொண்ணுகிட்ட வந்து பேசற பேச்சாம்மா இது?"

நான் மாமியார் முகத்தைப் பார்த்தேன், அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. "அக்கா, இப்ப வேணாம். கெளம்பு" என்றேன்.

அவள் தாளை மடித்தாள். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிரிவலப் பாதையில் நடந்துபோனாள். அன்றைக்குப் பௌர்ணமி இல்லை, பாதையில் ஆளே இல்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள் தனியாகப் போவது ஜன்னலில் தெரிந்துகொண்டே இருந்தது.

ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. கடைசியில் ஸ்கேனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வேங்கிக்காலுக்குப் போனேன். அக்கா கடையில் லீவு சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் எடுக்க வைத்து, சென்னைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தாள். அவள் மகனின் ரத்தத்தில் எந்த எழுத்து தப்பு என்று முன்பே கண்டுபிடித்து வைத்திருந்ததால், எங்களுக்கு அந்த ஒரே இடத்தைத் தேடினால் போதுமாம்.

"எழுத்தா?" என்று கேட்டேன்.

கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். "நம்ம ரத்தத்துல ஒரு வகை அணு இருக்குது. கிருமி வந்தா அத அடிக்கறதுக்கு மருந்து மாதிரி ஒண்ணு தயார் பண்றது அதுதான். அதுக்கு மேல் பக்கம் கிருமிய அடையாளம் பாக்கறதுக்கு ஒரு ஏற்பி இருக்குது. கவுன்டர்ல மனு வாங்கறாங்களே, அந்த மாதிரி. ஆனா கவுன்டர்ல வாங்கிட்டா போதுமா? உள்ள ஆபீசர் மேசைக்குப் போவணும் இல்ல? அத தூக்கிக்கினு போற தபேதார் ஒருத்தன் இருக்கான். அவன் ஒரு புரதம். பி.டி.கே.னு பேரு. அந்தத் தபேதார எப்படி உண்டாக்கணும்னு எழுதி வெச்சிருக்கற மரபணுவுக்கும் அதே பேருதான். நம்ம வழியில அதுல ஒரு எழுத்து தப்பு. அதனால சேதி உள்ள போவாது. சேதி போவலனா அந்த அணு வளராது. என் புள்ளைக்கு அந்த அணுவே இல்ல."

"நமக்கு ஏன்க்கா ஒண்ணும் ஆவல?"

"பொம்பளைக்கு அந்த எழுத்து ரெண்டு காப்பி இருக்குதாம். ஒண்ணு தப்பா இருந்தாலும் இன்னொண்ணு பாத்துக்கும். பையனுக்கு ஒண்ணுதான், அதுவும் அம்மாகிட்டருந்து வர்றது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நாம குடுக்கறதுதான்" என்றாள்.

பி.டி.கே. என்று சொல்லும்போதெல்லாம் ஏதோ ஊர்ப் பெரியவரின் இனிஷியலைச் சொல்வதுபோல மரியாதையாகச் சொல்வாள்.

ரிசல்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் தினமும் மதியம் இரண்டு மணிக்கு, மாமியார் படுத்த பிறகு, போன் செய்வாள். ரிசல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். இன்றைக்கு ஒரு கிழவர் மாடு காணாமல் போனதற்கு மனு அடிக்கச் சொன்னார், அடித்து முடிப்பதற்குள் மாடே வந்துவிட்டது என்பாள். என்ன சாப்பிட்டாய் என்பாள். என் வாழ்க்கையில் யாரும் என்னோடு அவ்வளவு பொறுமையாகப் பேசியதில்லை. இரண்டு மணி ஆகிறதா என்று கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

ஒரு நாள் காலையிலேயே போன் வந்தது. "உனக்கு இல்ல. நார்மல்" என்றாள். நான் சமையலறையில் தரையில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பக்கம் அவளும் அழுதாள் என்று நினைக்கிறேன். "நான் ஒருத்திக்கு நல்ல சேதி சொல்றது இதான் மொத தடவ" என்றாள்.

அடுத்த நாள் இரண்டு மணிக்கு அவள் கூப்பிட்டபோது எடுத்தேன். அதற்கடுத்த நாளும் எடுத்தேன். பிறகு எப்போதாவது எடுத்தேன். அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது, அவ்வளவுதான். அவள் குரலைக் கேட்டால் அந்த ஒரு மாதம் திரும்ப ஞாபகம் வந்தது. மெல்ல மெல்ல அவளும் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள். இல்லை என்று வந்தவர்கள் விலகிப் போனார்கள், இருக்கிறது என்று வந்தவர்கள் இவளால்தான் வந்தது என்பதுபோல வைதார்கள். எப்படி வந்தாலும் அவளிடம் யாரும் மிஞ்சவில்லை.

எனக்குப் பையன் பிறந்தான். சித்தி மகள் அதற்கு அடுத்த வருஷம் மாசமானாள். அக்கா போன் செய்து, "அந்தப் பேப்பர குடுத்தியா?" என்று கேட்டாள்.

"குடுத்துட்டேன்க்கா" என்றேன்.

கொடுக்கவில்லை. பீரோவில் புடவைகளுக்கு நடுவே கிடந்தது. சித்திக்குத் தெரிந்தால் சண்டை வரும், பிறகு பார்த்துக்கொள்ளலாம், பெண்ணாகக்கூடப் பிறக்கலாமே என்று நினைத்தேன். இன்றைக்கு வரைக்கும் அந்தப் பொய்க்கு இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பையன்தான் பிறந்தான். எட்டாவது மாதத்தில் நிமோனியா என்று திருவண்ணாமலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான்கு நாளாகியும் ஜுரம் இறங்கவில்லை. நான் பார்க்கப் போயிருந்த அன்றைக்கு, யாரோ சொல்லி அக்காவும் வந்து சேர்ந்தாள். சித்தி எழுந்து அவளைத் தடுப்பதற்குள் நேராகச் சித்தி மகளிடம் போய், "டாக்டர்கிட்ட அந்தப் பேப்பர காட்டுனியா?" என்று கேட்டாள்.

"எந்தப் பேப்பரு?" என்றாள் அவள்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "நான்தான்மா குடுக்க மறந்துட்டேன்" என்று அவளிடம் சொன்னாள். "என் தப்புதான். வயசாவுதில்ல."

சித்தி கத்த ஆரம்பித்தாள். அக்கா அதைக் காதில் வாங்காமல் டூட்டி டாக்டரிடம் போனாள். இளம் டாக்டர், இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். "சார், கொழந்தையோட தொண்டைய ஒரு தடவ பாருங்க. டான்சில் இருக்குதானு மட்டும் பாருங்க" என்று சொல்லி, அந்த ஏ த்ரீ தாளை மேசை மேல் விரித்தாள். அவர் முதலில் எரிச்சலாகத்தான் பார்த்தார். பிறகு கறுத்த கட்டங்களை விரலால் தொட்டுக்கொண்டே வந்து, "இவங்க எல்லாம் ஆம்பளப் புள்ளைங்களா?" என்று கேட்டார். எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டார்.

அன்று மாலையே குழந்தையைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டான். இப்போது ஒன்றாவது படிக்கிறான், மாதம் ஒரு முறை மருந்து ஏற்றிக்கொள்கிறான், படு சுட்டி. கேட்பவர்களிடம் சித்தி அந்த இளம் டாக்டர்தான் கண்டுபிடித்தார் என்று சொல்வாள். காதுகுத்துக்கு அக்காவை அழைக்கவில்லை. "போட்டோ எடுத்திருந்தா ஒண்ணு அனுப்பு" என்று அக்கா என்னிடம் கேட்டாள். அனுப்பினேன். பதிலுக்குக் கை கூப்பிய படம் ஒன்று வந்தது.

ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பற்றி அவள் என்னிடம் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. வெட்கத்தால் இன்னும் தள்ளிப் போனேன்.

போன மழைக்காலத்தில், ஒரு திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்தேன். திரையில் பெயரைப் பார்த்தேன், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மதியம் ஜெராக்ஸ் கடைக்காரர் கூப்பிட்டார். நெஞ்சு வலிக்குதுனு உக்காந்தாங்க, ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சுடுச்சு, கடைசியா பேசின நம்பர் உங்களோடது என்றார். பேசின நம்பர் என்றுதான் சொன்னார். நான் திருத்தவில்லை.

சாவுக்குக் கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். ஓசூரிலிருந்து வீட்டுக்காரர் வந்தார், தலை முழுக்க நரைத்திருந்தது. செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு, அவளுடைய போனை என்னிடம் கொடுத்தார். "இத நீயே வெச்சுக்கம்மா. இதுல இருக்கறவங்க யாரையும் எனக்குத் தெரியாது."

மூன்றாம் நாள் மதியம் அது அடித்தது. எடுத்தேன்.

"அக்கா, கண்ணமங்கலத்துலருந்து பேசறேன்" என்றது ஒரு பெண் குரல், ரொம்பச் சின்னப் பெண். துக்கத்தில் பேசிய அந்தக் கிழவியின் வழியாக இருக்க வேண்டும். "பக்கத்து வூட்டு போன்லருந்து பேசறேன்க்கா. எங்க வூட்டுக்காரரு போன்ல வரக்கூடாதுனு உங்களுக்கே அனுப்பச் சொன்னோமே. ரிசல்ட்டு வந்துடுச்சாக்கா? எனக்கு அஞ்சு மாசம் முடியப் போவுது."

ஒரு நிமிஷம் இரும்மா என்று சொல்லிவிட்டு வாட்ஸ்அப்பைத் திறந்தேன். கண்ணமங்கலம் முகவரி போட்ட ரிப்போர்ட் சென்னை லேபிலிருந்து திங்கட்கிழமை வந்திருந்தது. பத்து ஐம்பதுக்கு. பதினொரு மணிக்கு அவள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நடுவில் வேறு யாரையும் கூப்பிடவில்லை, இந்தப் பெண்ணையும் கூப்பிடவில்லை. இப்படி ஒரு சேதியைச் சொல்லப் போகும் முன்னால் யாரிடமாவது கொஞ்ச நேரம் எதையாவது பேசிக்கொண்டிருக்கத் தோன்றியிருக்குமோ, இனி எனக்குத் தெரியப் போவதில்லை.

ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தேன். கேரியர் என்று இருந்தது, அந்தத் தப்பு எழுத்தைச் சுமப்பவள்.

"நான் அந்த அக்கா இல்லம்மா, அவங்க தங்கச்சி" என்றேன். "அவங்களால பேச முடியல. நான் சொல்றேன். உக்காந்திருக்கியா?"

"இல்லக்கா, நின்னுக்கினுதான் இருக்கேன்."

"உக்காந்துக்கோ."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. இதை அவள் எத்தனை வீடுகளில், எத்தனை முகங்களைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். நான் போனில், முகம் தெரியாத ஒருத்திக்குச் சொல்லவே பயந்தேன்.

"உனக்கு அது இருக்குதும்மா" என்றேன். "பொண்ணு பொறந்தா கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாது. பையனா இருந்தாலும் பாதிக்குப் பாதிதான். பொறந்த அன்னிக்கே ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, இருக்குதுனா ஆறு மாசம் ஆவறதுக்குள்ள மருந்து ஏத்த ஆரம்பிச்சுட்டா நல்லா வளருவான். எங்க குடும்பத்துல ஒருத்தன் வளர்றான். ஸ்கூலுக்குப் போறான். எங்க போவணும், இன்னா பண்ணணும்னு எல்லாம் எழுதின பேப்பரு எங்கிட்ட இருக்குது, நானே கொண்டாந்து குடுக்கறேன்."

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன். நிமிஷங்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெகு நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சுகிற சத்தத்தோடு குரல் வந்தது.

"லைன்ல இருக்கீங்களாக்கா?"

"இருக்கேம்மா" என்றேன்.